முதல் மணி 8:30-க்கு: ஒரு அமெரிக்கப் புறநகர் உயர்நிலைப் பள்ளி நேரத்தை மாற்றிய கதை

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிகள் காலையில் எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்ற சண்டை முப்பது வருடமாக ஓயாமல் நடக்கிறது. அந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் ஒரு பள்ளியின் பெயர் கட்டாயம் வந்துவிடும், அது மினசோட்டா மாநிலத்தின் இடைனா உயர்நிலைப் பள்ளி. அங்கே என்ன நடந்தது, எந்தச் சூழ்நிலையில் நடந்தது, எது நிரூபணமானது, எது ஊதிப் பெரிதாக்கப்பட்டது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். முடிவெடுத்தவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் யாருடைய பெயரும் இதில் இல்லை.

பள்ளியும் ஊரும்

மினியாபொலிஸ் நகரத்தின் தென்மேற்கு எல்லையை ஒட்டிய புறநகர் இடைனா. 1990-களில் மக்கள்தொகை ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. அமெரிக்காவில் முழுக்கக் கூரை வேய்ந்து, உள்ளே வெப்பநிலையைக் கட்டுப்படுத்திய முதல் ஷாப்பிங் மாலான சவுத்டேல் 1956-இல் இங்கேதான் திறக்கப்பட்டது. வசதியான ஊர், அப்போது பெரும்பாலும் வெள்ளையர் ஊர். அப்படி ஆனது தற்செயலாக அல்ல. ஊரின் பெருமைக்குரிய கன்ட்ரி கிளப் குடியிருப்பு 1924-இல் மனை போடப்பட்டபோது, வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். இந்த நிகழ்விலிருந்து மற்ற ஊர்கள் எவ்வளவு கற்றுக்கொள்ள முடியும் என்ற கேள்விக்கு இதையும் கணக்கில் எடுக்காமல் பதில் சொல்ல முடியாது என்பதால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

ஊருக்கு ஒரே ஒரு பொது உயர்நிலைப் பள்ளி. 1970-களில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பள்ளிகள் இருந்தன, பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்ததும் 1981-இல் ஒன்றாக்கிவிட்டார்கள். நாம் பேசும் காலத்தில் 10, 11, 12 வகுப்புகள் மட்டும்தான் அந்தக் கட்டடத்தில் நடந்தன. பொதுப் பள்ளி என்றால் கட்டணம் கிடையாது, ஊரில் குடியிருந்தால் இடம் உண்டு. பள்ளியை நடத்துவது அந்தப் பகுதிக்கென்றே இருக்கும் பள்ளி நிர்வாகம். அதன் போர்டு உறுப்பினர்களை ஊரார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்த போர்டு ஒரு சூப்பரின்டென்டென்ட்டை, அதாவது நிர்வாகத் தலைவரை, சம்பளத்துக்கு அமர்த்துகிறது. செலவில் ஒரு பங்கு மாநில அரசிடமிருந்து வரும், இன்னொரு பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வரும். கூடுதல் வரி வேண்டுமென்றால் ஊரில் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். போதாததற்கு, ஒரு ஊரில் இருந்துகொண்டே வேறு ஊர்ப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாம் என்ற சட்டத்தை அமெரிக்காவில் முதலில் கொண்டுவந்த மாநிலங்களில் மினசோட்டா முன்னணியில் இருந்தது. ஆக, பெற்றோருக்குக் கோபம் வந்தால் ஓட்டிலும் காட்டலாம், பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றியும் காட்டலாம். இப்படிப்பட்ட இடத்தில் பள்ளி நேரத்தை மாற்றுவது சின்ன விஷயம் இல்லை.

காலை எப்படி இருந்தது

முதல் வகுப்பு 7:20-ஐ ஒட்டித் தொடங்கியது. டிசம்பர் கடைசியில் அந்தப் பகுதியில் சூரியன் உதிப்பது சுமார் 7:50-க்கு. கும்மிருட்டில், பூஜ்ஜியத்துக்கு நன்றாகக் கீழே போன குளிரில், பதினாறு வயசுப் பிள்ளை தெருமுனையில் மஞ்சள் பஸ்ஸுக்காக நிற்கிறான். அவன் எழுந்தது ஆறு மணிக்கோ அதற்கும் முன்போ. பள்ளிக்குள் போய், லாக்கரில் கோட்டைத் திணித்துவிட்டு, வகுப்பில் உட்கார்ந்து பாதி நேரம் ஆன பிறகுதான் ஜன்னலுக்கு வெளியே விடிகிறது. மேசையில் தலை சாய்த்துத் தூங்கும் பிள்ளைகள் முதல் இரண்டு பீரியட்களில் சாதாரணக் காட்சி. ஆசிரியர்கள் அதைச் சோம்பேறித்தனம் என்றார்கள், பெற்றோர் ராத்திரி டிவி பார்த்ததன் விளைவு என்றார்கள்.

இவ்வளவு சீக்கிரம் ஏன் தொடங்கினார்கள்? பஸ்தான் காரணம். அமெரிக்கப் புறநகர்களில் பள்ளி பஸ் ஓடுவது நடை நடையாக: அதே பஸ், அதே டிரைவர், முதல் நடையில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள், இரண்டாவது நடையில் நடுநிலை, மூன்றாவது நடையில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள். மூன்று பள்ளிகளும் ஒரே நேரத்தில் தொடங்கினால் மூன்று மடங்கு பஸ் வேண்டும். பெரிய பிள்ளைகள் இருட்டில் நின்றாலும் பரவாயில்லை என்று அவர்களை முதல் நடையில் போட்டார்கள். மதியம் சீக்கிரம் விட்டால் விளையாட்டுப் பயிற்சிக்கு வெளிச்சம் மிச்சமிருக்கும், பகுதி நேர வேலைக்கும் போகலாம் என்பது கூடுதல் வசதி. தூக்கத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

தூக்கத்தைப் பற்றி யோசித்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். ரோட் ஐலண்டில் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி கார்ஸ்கடன் 1970-களிலிருந்தே வளரிளம் பருவத்துத் தூக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பருவமடையும்போது உடலின் உள் கடிகாரம் பின்னால் நகர்கிறது. தூக்கம் வரவைக்கும் மெலடோனின் இரவு பதினொன்றை ஒட்டித்தான் தன் வேலையைத் தொடங்குகிறது, காலை எட்டு வரைக்கும் கூட விடுவதில்லை. அந்த வயசுக்கு ஒன்பது மணி நேரத்தை ஒட்டித் தூக்கம் தேவை. இவ்வளவையும் ஒன்றாக வைத்தால் கணக்கு எளிது. பதினொரு மணிக்குத் தூங்குகிறவன் ஆறு மணிக்கு எழுந்தால் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் கடன். ஒன்பது மணிக்கே படுக்கச் சொல்லி என்னதான் அதட்டினாலும் அவன் உடம்பு அதற்குச் சம்மதிக்காது.

கடிதம் வந்தது

மினியாபொலிஸில் தூக்கக் கோளாறுகளைப் பார்க்கும் மருத்துவர்கள் இந்த ஆய்வுகளைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் தூண்டுதலில், 1990-களின் முற்பாதியில், மினசோட்டா மருத்துவச் சங்கம் மாநிலத்திலுள்ள எல்லாப் பள்ளி நிர்வாகங்களுக்கும் கடிதம் எழுதியது. சாரம் இவ்வளவுதான்: பதின்வயதினரின் உடல் இப்படித்தான் இயங்குகிறது, தயவுசெய்து உயர்நிலைப் பள்ளியை எட்டு மணிக்கோ அதற்குப் பிறகோ தொடங்குங்கள்.

நூற்றுக்கணக்கான சூப்பரின்டென்டென்ட்களுக்கு அந்தக் கடிதம் போனது. அதை மேசையில் வைத்துக்கொண்டு, சரி, இதைச் செய்தால் என்ன ஆகும் என்று முதலில் இறங்கியது இடைனாவின் சூப்பரின்டென்டென்ட். இந்த நிகழ்வில் எனக்குப் பெரியதாகப் படுவது இதுதான். அப்போது எந்தப் பள்ளியும் நேரத்தை மாற்றிப் பார்த்து, பலன் இது என்று எழுதி வைத்திருக்கவில்லை. கையில் இருந்தது உடலியல் ஆய்வு மட்டுமே. ஆய்வுக்கூடத்தில் தெரிந்ததை நம்பி ஒரு ஊரின் காலைப் பொழுதையே மாற்றத் துணிய வேண்டும்.

என்னென்ன பயந்தார்கள்

எதிர்ப்புகள் இன்றைக்கும் எந்த ஊரில் எழுகின்றனவோ அதேதான். பள்ளி மதியம் இரண்டு மணி வாக்கில் விட்டுக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளினால் மூன்றைத் தாண்டும். குளிர்காலத்தில் நாலரை மணிக்கு இருட்டிவிடும் ஊரில் பயிற்சி எப்போது நடக்கும்? மற்ற பள்ளிகளுடன் போட்டி இருக்கும் நாளில் பிள்ளைகள் கடைசி வகுப்பை விட்டுவிட்டு ஓட வேண்டுமா? ஐஸ் ஹாக்கியை உயிராக நினைக்கும் ஊர் அது, இந்தக் கேள்வியை அற்பம் என்று ஒதுக்க முடியாது. அப்புறம் பகுதி நேர வேலை. அப்புறம், காலையில் அலுவலகம் போகும் பெற்றோர். அப்புறம், அண்ணன் சீக்கிரம் வீட்டுக்கு வந்து தம்பியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் பஸ்.

இன்னொரு வாதமும் எழுந்தது, இன்றுவரை எழுகிறது: காலையில் ஒரு மணி நேரம் கொடுத்தால் பிள்ளைகள் ராத்திரி ஒரு மணி நேரம் கூட விழித்திருப்பார்கள், மிச்சம் பூஜ்ஜியம். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. உடலியல் தெரிந்தவர்கள் அப்படி ஆகாது என்றார்கள், ஆனால் அப்போது எண்ணைக் காட்டி மறுக்க முடியவில்லை.

முடிவு

போர்டு மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டது. 1996-97 கல்வியாண்டிலிருந்து முதல் மணி 8:30-க்கு. ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட தள்ளல். தூக்க ஆய்வை அடிப்படையாக வைத்து நேரத்தை இவ்வளவு தள்ளிய முதல் பள்ளி நிர்வாகங்களில் ஒன்றாக இடைனா பேசப்படுவது அதனால்தான்.

இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மருத்துவச் சங்கம் கேட்டது எட்டு மணி, இவர்கள் போனது எட்டரைக்கு. அரை மணி நேரம் தள்ளிவிட்டு நாங்களும் மாற்றினோம் என்று சொல்லிக்கொண்டிருந்தால் எதிர்ப்பு கொஞ்சம் அடங்கியிருக்கும். ஆனால் பலன் கண்ணுக்குத் தெரிந்திருக்காது, இரண்டாம் வருடமே பழைய நேரத்துக்குத் திரும்பியிருப்பார்கள். இன்னொன்று, ஊருக்கு ஒரே உயர்நிலைப் பள்ளி என்பது. எந்தப் பள்ளி முதலில், எந்தப் பகுதிக்குப் பாதிப்பு என்ற சண்டையே இல்லை. மாற்றினால் எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் மாறும்.

முதல் ஆண்டில் தெரிந்தது

சுற்றுவட்டாரத்தில் 17 புறநகர்ப் பள்ளி நிர்வாகங்கள் சேர்ந்து மினசோட்டா பல்கலைக்கழகத்திடம் போய், இதை முறையாக ஆராய்ந்து சொல்லுங்கள் என்று கேட்டன. அந்தப் பல்கலைக்கழக ஆய்வாளர் கைலா வால்ஸ்ட்ராம் தலைமையில் ஆய்வு தொடங்கியது. இடைனா மாணவர்களின் பதில்களை, வருமானத்திலும் மக்கள் அமைப்பிலும் ஒத்திருந்து ஆனால் பழையபடி சீக்கிரம் தொடங்கிக்கொண்டிருந்த வேறு இரண்டு புறநகர் மாணவர்களின் பதில்களோடு ஒப்பிட்டார்கள்.

பூஜ்ஜிய மிச்சம் என்ற வாதம் அங்கேயே விழுந்தது. இடைனா பிள்ளைகள் மற்ற ஊர்ப் பிள்ளைகள் படுக்கும் நேரத்தை ஒட்டித்தான் படுத்தார்கள், காலையில் தாமதமாக எழுந்தார்கள், பள்ளி நாள் இரவுகளில் சுமார் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள். வாரத்துக்கு ஐந்து மணி நேரம். வகுப்பில் தூங்கிவிழுவது குறைவு, மனச்சோர்வு உணர்வும் குறைவு என்று அவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

எண்ணாகச் சொல்ல முடியாத சில விஷயங்களும் பதிவாகியிருக்கின்றன. அவைதான் எனக்கு இந்த நிகழ்வில் ரொம்பப் பிடித்த பகுதி. நடைபாதைகளில் இடித்துத் தள்ளுவதும் சாப்பாட்டு அறையில் கூச்சலும் குறைந்ததாகப் பள்ளி நிர்வாகிகள் சொன்னார்கள். நண்பனோடு சண்டை, அம்மாவோடு சண்டை என்று ஆலோசகர் அறைக்கு வரும் பிள்ளைகள் குறைந்தார்கள். தலைவலி, வயிற்றுவலி என்று பள்ளி நர்ஸிடம் போகிறவர்களும் குறைந்தார்கள். பெற்றோர் திரும்பத் திரும்பச் சொன்னது, பிள்ளையோடு ஒரே வீட்டில் இருப்பது சுலபமாகிவிட்டது, காலைச் சாப்பாட்டு மேசையில் அவன் வாய் திறந்து பேசுகிறான் என்பது. இதை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டாது. ஆனால் வளர்ந்த பிள்ளை இருக்கும் வீட்டில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

முதல் ஆண்டு முடிவில் பெற்றோரிடம் கருத்துக் கேட்டபோது, பதில் தந்தவர்களில் 92 சதவீதம் பேர் புதிய நேரமே இருக்கட்டும் என்றார்கள். விளையாட்டு செத்துவிடவில்லை. பயிற்சி நேரங்களைச் சுருக்கியும் நகர்த்தியும் சமாளித்தார்கள்.

பக்கத்து நகரத்தில் அதே மாற்றம்

1997-98-இல் மினியாபொலிஸ் நகரப் பள்ளிகள் இதைப் பின்பற்றின. ஏழு உயர்நிலைப் பள்ளிகள், 7:15-லிருந்து 8:40-க்கு. பள்ளி விடும் நேரம் 1:45-லிருந்து 3:20-க்குப் போனது. இங்கே வரவேற்பு அவ்வளவு ஒருமனதாக இல்லை. மாலை வேலைக்குப் போய் வீட்டுக்குக் காசு கொடுக்கும் பிள்ளைக்கு அந்த ஒன்றரை மணி நேரம் சம்பளத்தில் விழுகிற வெட்டு. ஆசிரியர்களிலும் கருத்து பிளவுபட்டது, போட்டிகளுக்காகக் கடைசி வகுப்பை விட்டுப் போவது நிஜமான தொல்லையானது.

ஆனால் ஆய்வு காட்டிய இன்னொரு பக்கம் முக்கியமானது. 9 முதல் 11 வரையிலான வகுப்புகளில் வருகைப் பதிவு உயர்ந்தது. அதைவிட, அடிக்கடி பள்ளி மாறிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒரே பள்ளியில் நிலைத்திருப்பது கூடியது. வீடு மாறி வீடு மாறி அலையும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அவர்கள். ஆக, குறை அதிகம் கேட்டதும் இங்கேதான், அதிகம் தேவைப்பட்டவர்களுக்குப் பலன் போய்ச் சேர்ந்ததும் இங்கேதான்.

மதிப்பெண் பற்றிய கதை

இடைனா பெயரோடு ஒட்டிக்கொண்டு உலவும் ஒரு கதை, நேரம் மாறிய ஒரே ஆண்டில் அந்தப் பள்ளியின் முதல் தர மாணவர்கள் கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்ஏடியில் வாங்கிய மதிப்பெண் இருநூறு புள்ளிகளுக்கு மேல் எகிறியது என்பது. தாமதத் தொடக்கத்தை நானும் ஆதரிக்கிறேன், ஆனால் இந்த எண்ணைத் தயவுசெய்து யாரும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். 1995-இல் எஸ்ஏடி தேர்வின் மதிப்பெண் அளவுகோலையே மாற்றி அமைத்தார்கள், அந்த மாற்றத்தில் மொழிப் பகுதி மதிப்பெண்கள் தானாகவே ஏறின. அந்தச் சமயத்துக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒப்பிடுவதே ஆபத்து. மேலும் மினசோட்டாவில் பெரும்பாலான பிள்ளைகள் எழுதுவது ஏசிடி என்ற வேறொரு நுழைவுத் தேர்வு, எஸ்ஏடி எழுதுவோர் சிறு கூட்டம். அதிலும் உச்சியில் இருக்கும் ஒரு பகுதியை மட்டும் எடுத்து ஒரு வருடத்தை அடுத்த வருடத்தோடு ஒப்பிட்டால் எது வேண்டுமானாலும் எகிறும், எது வேண்டுமானாலும் விழும். மினியாபொலிஸில் பாட மதிப்பெண்கள் லேசாக உயர்ந்தன, புள்ளியியல் கணக்கில் அது நிற்கவில்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். தூக்கம், வருகை, மனநிலை ஆகிய மூன்றுக்கும் நல்ல ஆதாரம் இருக்கும்போது பலவீனமான நாலாவதை முன்னால் வைத்தால், எதிர்ப்பவர் அதை மட்டும் உடைத்துவிட்டு மொத்தத்தையும் பொய் என்பார்.

அதற்குப் பிறகு

பிற்பாடு வேறு இடங்களில் ஆதாரம் சேர்ந்தது, சில எதிர்பாராத பக்கத்திலிருந்து. கென்டக்கி மாநிலத்தில் ஒரு கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) பள்ளி நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளியபோது, பதின்வயது ஓட்டுநர்களின் சாலை விபத்துகள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் 16.5 சதவீதம் குறைந்தன. அதே காலத்தில் மாநிலத்தின் மற்ற பகுதிகளில் 7.8 சதவீதம் கூடியிருந்தன. பதினாறு வயதில் கார் ஓட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகும் நாட்டில் இது உயிர் சம்பந்தப்பட்ட எண். சியாட்டல் நகரம் 2016-இல் 7:50-லிருந்து 8:45-க்கு மாறியது. அங்கே பிள்ளைகளின் வாய்மொழியை நம்பாமல் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்தார்கள், தினமும் 34 நிமிடம் தூக்கம் கூடியிருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-இல் 8:30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. கலிஃபோர்னியா 2019-இல் அதைச் சட்டமாக்கி 2022 ஜூலையிலிருந்து நடைமுறைப்படுத்தியது.

எல்லா இடத்திலும் இப்படி முடியவில்லை. பாஸ்டன் 2017 டிசம்பரில் பெரும்பாலான பள்ளிகளின் நேரத்தை ஒரேயடியாக மாற்றி அறிவித்தது. பஸ் வழித்தடங்களைக் கணினி நிரல் வகுத்திருந்தது. அந்தத் திட்டப்படி பெரிய பிள்ளைகளுக்கு நேரம் கிடைக்கும், ஆனால் பல தொடக்கப் பள்ளிகள் 7:15-க்கு இழுக்கப்படும். ஐந்து வயசுக் குழந்தையை ஆறு மணிக்கு எழுப்ப வேண்டும் என்று கேட்ட பெற்றோர் கொதித்துப் போனார்கள், சில வாரங்களில் திட்டம் கைவிடப்பட்டது. ஃப்ளோரிடா 2023-இல் சட்டம் போட்டு, 2026-இல் அமலுக்கு வருவதற்கு முன்பே 2025-இல் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. அங்கேயும் பஸ், டிரைவர், செலவு என்ற அதே புகார்கள்தான்.

மறுபடி செய்தால் எதை மாற்ற வேண்டும்

இடைனாவில் ஒரு பெரிய குறை, மாற்றுவதற்கு முன் அளந்து வைக்காதது. 1995-96-இல் அதே பிள்ளைகளிடம் தூக்கம், வருகை, நர்ஸ் அறைக்கு வருவோர் எண்ணிக்கை எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தால், பக்கத்து ஊரோடு ஒப்பிட்டுத் திருப்திப்பட வேண்டியிருக்காது, எஸ்ஏடி கதைக்கும் இடம் இருந்திருக்காது. ஒரு ஆண்டு முன்கூட்டி அளப்பது செலவே இல்லாத வேலை. நேரத்தை மாற்றும் எந்தப் பள்ளியும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளையும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளையும் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும். இடைனாவில் அவர்கள் குறைவு, அதனால் 92 சதவீதம் சாத்தியமானது. மினியாபொலிஸில் அவர்கள் அதிகம். தொடக்கப் பள்ளியிலேயே மாலைக் காப்பகத்தைக் கட்டணமில்லாமல் நீட்டிப்பதும், மாலை வேலையைப் பாடத்தோடு சேர்த்துக் கணக்கில் எடுப்பதும் நேர மாற்றத்துக்கான பட்ஜெட்டிலேயே வர வேண்டும், பிற்பாடு பார்க்கலாம் என்று விடக்கூடாது.

பஸ்ஸைப் பொறுத்தவரை என் கருத்து கறாரானது. யாரோ ஒருவர் முதல் நடையில் போயாக வேண்டும். சின்னக் குழந்தைகள் இயல்பாகவே சீக்கிரம் எழுகிறார்கள் என்பது உண்மை, அதனால் அவர்களை 7:45 வாக்கில் தொடங்க வைக்கலாம், 7:15-க்கு அல்ல. அந்த அரை மணி நேர வித்தியாசத்துக்கு எத்தனை கூடுதல் பஸ், எத்தனை டிரைவர், சொத்து வரியில் வீட்டுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, தெருவாரியாக அட்டவணையை ஊரார் கையில் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு போர்டு ஓட்டெடுப்புக்குப் போகட்டும்.